நடு ராடில் ஒரு துளை

“ஓட்டுநரின் முறையற்ற கையாளுதலே பழுதுக்குக் காரணம், எங்கள் பணியில் எவ்விதக் குறைபாடும் இல்லை.” பட்டறையிலிருந்து வந்த பதில் நோட்டீஸின் சாரம் இவ்வளவுதான். டிராக்டரோ, பம்ப்செட்டோ, அறுவடை இயந்திரமோ, எதைப் பற்றி வழக்குப் போட்டாலும் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது இந்த வாதத்தைத்தான். மறுப்பது எளிதல்ல. உடைந்த நேரத்தில் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தவன் ஓட்டுநர். பட்டறைக்காரர் அப்போது எங்கோ தூரத்தில் இன்னொரு வண்டிக்கு அடியில் இருந்திருப்பார். ஊரின் விரல் யாரை நோக்கி நீளும் என்று சொல்லவே வேண்டாம்.

என் கட்சிக்காரர் மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம், மீதி நாட்களில் அக்கம்பக்கத்து வயல்களுக்கு வாடகை உழவு. வண்டி கைமாறி வந்த பழைய 35 குதிரைத்திறன் டிராக்டர். ஓட்டுவது அவரும் அவருடைய அக்கா மகனும். லோடு ஏறும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது என்று ஆடி மாதம் வண்டியைப் பட்டறையில் விட்டார். பட்டறையில் கியர் பாக்ஸைத் திறந்து, ஒரு ஃபோர்க், மூன்று பால், மூன்று ஸ்பிரிங் புதிதாகப் போட்டு, ஆயிலும் மாற்றி, பில் கொடுத்து அனுப்பினார்கள். கியர் கழல்வது நின்றுவிட்டது. எல்லோருக்கும் திருப்தி.

புரட்டாசியில் சம்பா நடவுக்காக ஊரே சேற்றில் இறங்கியிருந்த நேரம். பையன் டாப் கியரில் ரோட்டில் வந்தவன், சரிவில் வயலுக்குள் இறங்குகிற இடத்தில் முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விட்டான். ‘கடக்’ என்று ஒரு சத்தம். வண்டி குலுங்கி நின்றது. இன்ஜின் அணைந்தது. கியர் லிவர் எந்தப் பக்கமும் அசையவில்லை. கயிறு கட்டி இன்னொரு டிராக்டரால் இழுத்தபோது பின்சக்கரம் உருளாமல் மண்ணைக் கீறிக்கொண்டு வந்ததாம்.

“டாப் கியர்லேர்ந்து நேரா ஃபர்ஸ்ட்ல தட்டுனியா?” என்று கேட்ட தாய்மாமனுக்குப் பையனால் பதில் சொல்ல முடியவில்லை. நியூட்ரலுக்கு வந்துதான் மாற்றினேன் என்றான். யாரும் நம்பவில்லை. கார்த்திகை பிறக்கும் முன்பே திருப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டான். நோட்டீஸ் அனுப்புவதற்காக என்னிடம் வந்தபோதுகூட, “பயலும் சரியில்ல சார்” என்றுதான் கட்சிக்காரர் பேச்சை ஆரம்பித்தார்.

அவரிடம் நான் முதலில் கேட்டது, உடைந்த பிறகு கியர் பாக்ஸைத் திறந்தீர்களா என்பதை. திறக்கவில்லை. “வண்டியைக் கொண்டாங்க, காசு வாங்காமத் திறந்து பாத்துச் சொல்றோம்” என்று பட்டறையிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். நான் உறுதியாக மறுத்துவிடச் சொன்னேன். பட்டறைக்காரர்கள் எல்லோரும் நேர்மையற்றவர்கள் என்பது என் எண்ணமல்ல. ஆனால் குற்றச்சாட்டுக்கு ஆளானவர் கையாலேயே தடயத்தைத் திறக்க விட்டால், உள்ளே என்ன இருந்தது, என்ன இல்லை என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. சாமானை மாற்றக்கூட வேண்டாம்; கழுவித் துடைத்து வைத்தாலே வழக்கு முடிந்துவிடும்.

இதைச் சொல்வது எனக்குச் சுலபம். சீசனில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, தன் வயலுக்கே வெளியாள் டிராக்டரை வாடகைக்குப் பிடிப்பது ஒரு விவசாயிக்கு எப்படியிருக்கும்! உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கோர்ட்டு கேஸு என்று போனால் வண்டி துருப்பிடித்துப் போகும் என்றார் ஒருவர். கட்சிக்காரர் பொறுத்துக்கொண்டார். டாப் கவர் போல்ட்டுகளைச் சுற்றி நூல் கட்டி, அரக்கு வைத்து, கிராம நிர்வாக அலுவலரையும் பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவரையும் சாட்சியாக வைத்து மகஜர் எழுதி, புகைப்படமும் எடுத்து வைத்தோம். கவர் ஓரத்தில் பட்டறையில் பூசிய சிவப்புப் பசை அப்படியே பிதுங்கிக் காய்ந்திருந்தது. பட்டறைக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை என்பதற்கு அந்தப் பசையும் ஒரு சாட்சி.

எனக்கு இந்த வழக்கைப் புரிய வைத்தவர் ஒரு பாய். பழைய டிராக்டர் கியர் பாக்ஸ்களிலேயே வயதைக் கழித்தவர். காயலான் கடையிலிருந்து வாங்கிப் போட்டிருந்த ஒரு பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்து, டாப் கவரைக் கழற்றி உள்ளே காட்டினார். அருகருகே மூன்று இரும்பு ராடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஃபோர்க். ஃபோர்க்கின் இரண்டு விரல்களும் ஒரு பல்சக்கரத்தின் பள்ளத்தைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. லிவரின் அடிமுனை எந்த ராடின் காடியில் விழுகிறதோ அந்த ராடு நகரும். ராடோடு ஃபோர்க்கும், ஃபோர்க்கோடு சக்கரமும் நகர்ந்து எதிர்ச் சக்கரத்தின் பற்களுக்குள் போய்ப் பொருந்தும். பழைய வண்டிகளில் சக்கரமே இப்படிச் சறுக்கிப் போய்த்தான் சேர வேண்டும். ராடு போன இடத்தில் நிற்பதற்காக மேலிருந்து ஸ்பிரிங் ஒரு பாலை அழுத்துகிறது. ராடில் வெட்டியிருக்கும் குழியில் பால் விழுந்து உட்காரும். அந்தக் குழி தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ கியர் தானாகக் கழலும். என் கட்சிக்காரரின் முதல் புகார் இதுதான். பட்டறை அதைச் சரியாகவே தீர்த்திருந்தது.

“இதெல்லாம் மேல தெரியுற சங்கதி. உள்ள ஒளிஞ்சிருக்கறதைப் பாருங்க வக்கீல் சார்” என்று நடு ராடை உருவி என் கையில் கொடுத்தார் பாய். அதன் குறுக்கே, ஒரு பக்கக் குழியிலிருந்து மறுபக்கக் குழிவரை, ஊடுருவிப் போகும் சிறு துளை. துளைக்குள் ஒரு பின். ஊதுவத்தித் துண்டு அளவுதான் இருக்கும். ராடுகளுக்கு நடுவில், பெட்டியின் சுவரில் குடைந்த வழியில், இரண்டு பக்கமும் இரண்டு கட்டையான பிளஞ்சர்கள்.

ஓர ராடு ஒன்று நகர்ந்தால் அது தன் பக்கத்துப் பிளஞ்சரைத் தள்ளும். பிளஞ்சர் நடு ராடின் குழிக்குள் நுழைந்து அதைப் பூட்டும். அதே தள்ளல் பின் வழியாக மறுபக்கப் பிளஞ்சருக்குப் போய், எதிர் ஓரத்து ராடையும் பூட்டும். ஒரு நேரத்தில் ஒரு ராடுதான் நகரலாம். மற்ற இரண்டும் நியூட்ரலில் நின்றே ஆகவேண்டும். இதற்குத்தான் இன்டர்லாக் என்று பெயர். இது இருக்கும்வரை எத்தனை முரட்டுக் கையானாலும் இரண்டு கியரை ஒரே சமயத்தில் போட முடியாது.

“பின்னை மட்டும் போடாம விட்டுட்டா?” என்று கேட்டேன்.

பாய் பின் இல்லாமல் ராடுகளைக் கோத்துக் காட்டினார். ஓர ராடைத் தள்ளினேன். நடு ராடு பூட்டிக்கொண்டது. எதிர் ஓரத்து ராடைத் தள்ளினேன். தடையே இல்லாமல் போனது. முதல் கியரும் டாப் கியரும் ஒன்றாக விழுந்து, பெட்டி முழுக்க இறுகிப்போனது. ஒரே ஷாஃப்ட்டை இரண்டு வேகத்தில் சுற்றச் சொன்னால் எது பலவீனமோ அது உடைய வேண்டியதுதான்.

மறுபடி கோப்பதில் உள்ள கஷ்டத்தையும் அவரே செய்து காட்டினார். முதல் ராடை உள்ளே விட்டு நியூட்ரலில் நிறுத்த வேண்டும். பிளஞ்சரை வழியில் தள்ள வேண்டும். நடு ராடின் துளையில் கிரீஸ் தடவிப் பின்னை ஒட்டி, அது விழாமல் ராடை உள்ளே நுழைத்து, பாலை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அதன் அடியில் ராடை வழுக்கிவிட வேண்டும். பிறகு மறு பிளஞ்சர், மூன்றாவது ராடு. இதில் எந்த ராடு நியூட்ரலிலிருந்து நூலளவு விலகியிருந்தாலும் அடுத்தது போகாது. பின் நழுவி விழும், பால் தெறித்து ஓடும். பழகிய கைக்கே பொறுமை சோதிக்கிற வேலை. “ராடு போகமாட்டேங்குதேன்னு பின்னை எடுத்து ஓரமா வச்சிட்டுக் கோத்தா, எல்லாம் சுளுவாப் போயிடும் சார். அங்கதான் ஆபத்து.”

நான் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டேன். எங்கள் வண்டியிலும் இப்படித்தான் நடந்திருந்தால், உள்ளே எந்தப் பற்கள் உடைந்திருக்க வேண்டும்? பாய் யோசிக்கவே இல்லை. ரெண்டு ஓரத்து ராடோட சக்கரம் அடிபட்டிருக்கும், நடு ராடு சக்கரத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காது என்றார். கிளட்ச் மிதிக்காமல் கியரைத் தட்டுகிறவன் கெடுப்பது பல்லின் முகப்பை. அது கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கிச் சிராய்ந்திருக்கும். இரண்டு கியர் பூட்டிக்கொண்டு உடைந்தால் பல் அடியோடு பெயர்ந்திருக்கும். இதைப் பிரமாண வாக்குமூலமாக எழுதி, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நுகர்வோர் மன்றத்தில் தாக்கல் செய்தேன். இந்த வழக்கில் நான் செய்த காரியங்களில் முக்கியமானது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். திறந்து பார்த்த பிறகு எந்த நிபுணரும் எதற்கும் காரணம் சொல்லிவிடலாம். திறக்கும் முன்பே சொன்ன சொல்லுக்கு எடை வேறு.

1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திறமையானவர். மனுதாரர் வாடகைக்கு உழுகிறார், எனவே இது வணிக நோக்கம், அவர் நுகர்வோரே அல்ல என்று வாசலிலேயே தடுத்தார். சேவைக்கும் வணிக நோக்கம் என்ற விலக்கு 2003-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் சேர்ந்திருந்தது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்வது வணிக நோக்கமாகாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறது. ஆட்டோவோ லாரியோ கடைசல் இயந்திரமோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. முழுக்க முழுக்க அடுத்தவரை வைத்தே ஓட்டினால்தான் போகும். ஆகவே கட்சிக்காரர் தானும் டிராக்டர் ஓட்டுகிறவர் என்பதை நிரூபித்தால் போதும். அவருடைய ஓட்டுநர் உரிமத்தையும், அவர் உழுத வயல்காரர்கள் சிலருடைய வாக்குமூலங்களையும் கொடுத்தேன். அந்தத் தடை அதோடு போனது.

பெட்டியைத் திறக்க மன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையரும், வேளாண்மைப் பொறியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரும் கொட்டகைக்கு வந்தார்கள். இரு தரப்பும் இருந்தோம். அரக்கு முத்திரையைச் சரிபார்த்து ஆணையர் குறித்துக்கொண்டார். முதலில் அடிப்பிளக்கைத் திருகி ஆயிலை ஒரு தொட்டியில் வடித்து, பழைய வேட்டியில் வடிகட்டச் சொன்னார் பொறியாளர். துணியில் தங்கிய இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக டீசலில் கழுவி வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தார்கள். எல்லாமே பல்லின் துண்டுகள். பின் இல்லை.

டாப் கவர் கழன்றது. முதல் கியர்ச் சக்கரம் பொருந்திய நிலையில் இருந்தது. எதிர் ஓரத்து ராடு நியூட்ரலுக்குக் கொஞ்சம் முன்பாக நின்றிருந்தது. அதன் சக்கரம் பாதி அகலத்துக்குத்தான் பல்லைக் கவ்வியிருந்தது. கவ்விய பாதி மட்டும் வேரோடு பெயர்ந்திருக்க, மீதிப் பாதி புதிது போல் பளபளத்தது. நடு ராடின் சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மழுங்கிய முகப்பு எங்கும் இல்லை. பொறியாளர் நடு ராடை உருவி, குறுக்குத் துளைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஆணையரிடம் நீட்டினார். அவர் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். துளைக்கு அந்தப் பக்கம் கொட்டகை வாசல் தெரிந்தது.

பின் தேய்ந்து விழுந்திருக்கலாம் என்றார்கள் எதிர்த்தரப்பில். ராடை உருவாமல் பின் வெளியே வர வழியே இல்லை, இரண்டு பக்கமும் பெட்டியின் சுவரும் பிளஞ்சரும் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று பொறியாளர் அறிக்கை சொன்னது. அடுத்து, எங்களிடம் வரும்போதே பின் இல்லை என்றார்கள். அதற்காகத்தான் நான் பட்டறையின் தலைமை மெக்கானிக்கைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டேன். நுகர்வோர் மன்றங்களில் விசாரணை பெரும்பாலும் பிரமாண வாக்குமூலங்களோடு முடிந்துவிடும். தேவைப்பட்டால் குறுக்கு விசாரணைக்கும் இடமுண்டு என்று 2002-இல் ஜே.ஜே. மெர்ச்சண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அவரை மிரட்டுகிற கேள்வி எதையும் நான் கேட்கவில்லை. இந்தப் பெட்டியை எப்படிக் கோப்பீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். நன்றாகவே சொன்னார், தொழில் தெரிந்தவர். நடு ராடுக்கு வந்ததும், “பின்னை கிரீஸ் வச்சு ஒட்டிட்டு…” என்றார்.

“இந்த வண்டியைக் கழற்றும்போது பின் இருந்ததா?”

“ஞாபகம் இல்லைங்க.”

“இல்லாமல் இருந்திருந்தால் உரிமையாளரிடம் சொல்லியிருப்பீர்களா?”

“கண்டிப்பா சொல்லியிருப்பேன். அது இல்லாம வண்டிய வெளிய விடக் கூடாது.”

“ஜாப் கார்டில் அப்படி எதுவும் எழுதியிருக்கிறதா? பில்லில் பின் வாங்கிய கணக்கு உண்டா?”

இரண்டும் இல்லை என்றார். அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை. கோத்தவர் அவரல்ல, புதிதாகச் சேர்ந்த உதவியாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசிவரை அதை அவர் சொல்லவில்லை.

பையனை நான் சாட்சியாக வரவழைத்தேன். ரிப்பேருக்கு முன்னும் பின்னும் லிவர் எப்படி இருந்தது என்று கேட்டேன். “முன்னாடி நியூட்ரல் சரியா வரலைன்னா அடுத்த கியர் போகாது சார், இடிச்சு நிக்கும். ரிப்பேருக்கு அப்புறம் எங்க தள்ளுனாலும் போச்சு. நல்லா செஞ்சிருக்காங்கன்னு மாமாகிட்டக்கூடச் சொன்னேன்.” பின் என்ற ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால் அது இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் அவன் கை தனித்தனியாக அறிந்திருந்தது. வரும்போதே பின் இல்லை என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைக்காது.

கடைசியாக அவர்களிடம் எஞ்சியது, லிவரை முழுதாக நியூட்ரலுக்குக் கொண்டுவராதது ஓட்டுநரின் தவறுதானே என்ற வாதம். இதற்கு நான் சொன்ன பதிலில் எனக்கு இன்றும் முழு நம்பிக்கை உண்டு. மனிதன் கை சில சமயம் நூலளவு முன்பின் ஆகும் என்று தெரிந்துதான் இயந்திரத்தை வடிவமைத்தவர் அந்தத் துளையைக் குடைந்து அதில் பின்னை வைத்தார். அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, அது எதற்காக வைக்கப்பட்டதோ அதையே ஓட்டுநரின் குற்றமாகச் சொல்வது நியாயமாகாது. பொருளை ஒப்படைத்துப் பெற்றவர் சாதாரண விவேகமுள்ளவர் தன் பொருளைப் பேணுவது போல் பேண வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு; இன்றைய பாரதிய சாட்சியச் சட்டத்தில் அது 109. அந்தப் பெட்டியைத் திறந்து மூடியவர்கள் அவர்கள் மட்டுமே. உள்ளே எதை வைத்து மூடினோம் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

மன்றம் சேவைக் குறைபாடு என்று தீர்ப்பளித்தது. முதல் பில் தொகை, கியர் பாக்ஸை மறுபடி சீராக்கும் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு எல்லாம் கிடைத்தன. சீசன் வாடகை இழப்பில்தான் கை வைத்துவிட்டார்கள். கணக்குப் புத்தகம் இல்லை என்று சொல்லி, கேட்டதில் சிறு பங்குதான் அனுமதித்தார்கள். இதை நான் ஏற்கவில்லை. எந்த உழவுக்காரர் வரப்பில் உட்கார்ந்து ரசீது எழுதுகிறார்? ஊரில் அந்தப் பருவத்தில் மணிக்கு என்ன வாடகை, ஒரு வண்டி ஒரு நாளில் எத்தனை மணி ஓடும் என்பது ஊரறிந்த கணக்கு. அதை வைத்து மதிப்பிடலாம் என்று இப்போதும் இப்படிப்பட்ட வழக்குகளில் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன். சிலதில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பட்டறை மேல்முறையீட்டுக்குப் போகாமல் பணத்தைக் கட்டிவிட்டது. கியர் பாக்ஸை மறுபடி கோத்தது பாய்தான்.

ஓட்டுநர் மீது தவறில்லை என்பது உத்தரவில் வெளிப்படையாக வரவேண்டும் என்று என் எழுத்து வாதத்தில் தனியாகக் கேட்டிருந்தேன். அப்படியே ஒரு வாக்கியம் வந்திருந்தது. அதற்காகச் சான்று நகல் ஒன்று கூடுதலாக வாங்கி, திருப்பூர் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்றேன். “வேண்டாம் சார், நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன். தபால்ல அனுப்புற விஷயமா அது” என்று வாங்கிக்கொண்டு, அன்று ராத்திரியே பஸ் ஏறினார் கட்சிக்காரர்.